தொழில்நுட்பம் பள்ளிக்கு வந்த வரலாறும் தமிழ்ச் சொல்லும்



இச்சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பலமுறை பேசப்பட்டுள்ளன. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. பன்னிரண்டு முதல் பதினைந்து அகவை வரையுள்ள மாணவர்க்குப் பொறியியலையும் தொழில்நுட்பத்தையும் அறிமுகம் செய்யும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது, தமிழ்ப்பள்ளியில் பயின்று வரும் குழந்தையை அது எந்நிலையில் சந்திக்கிறது என்பன இங்கு ஆராயப்பெறும். மொழியியல் பயின்றோர் பொறியியலைப் பற்றிப் பேசுவது முறையோ எனச் சிலர் வினவலாம். தொழில்நுட்பக் கல்வி மூன்று கால்களில் நிற்பது. செய்யும் கை ஒன்று. அளந்து வரையும் கண் மற்றொன்று. செய்ததை விளக்கும் சொல் மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றிப் பாடத்திட்ட அறிஞர்கள் நிறையப் பேசியுள்ளனர். மூன்றாவதைப் பற்றிப் பேசும் கடமை மொழியாளர்க்கு உரியது.

1. பொறியும் எந்திரமும்

முதலில் சொற்களைக் காண்போம். ‘எந்திரம்’ என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. வடமொழியின் ‘யந்திரம்’ என்பதிலிருந்து வந்த இச்சொல், கரும்பைப் பிழியும் ஆலையைக் குறிக்கச் சங்க நூல்களிலேயே ஆளப்பட்டுள்ளது. வடமொழியில் அதன் வேர் ‘கட்டுப்படுத்துதல், அடக்குதல்’ என்னும் பொருளுடையது. ஆற்றலை அடக்கி ஒருவழிப்படுத்துவதே எந்திரம் என்னும் கருத்து அவ்வேரிலேயே அடங்கியுள்ளது.

‘பொறி’ என்னும் தமிழ்ச்சொல்லோ பல பொருள் ஒரு சொல். ஐம்பொறி என்னும்போது புலனுறுப்பு. தீப்பொறி என்னும்போது சிறுகனல். எலிப்பொறி என்னும்போது பிடிக்கும் கருவி. கோட்டை மதிலில் அமைந்த பொறி என்னும்போது போர்க்கருவி. இக்கடைசிப் பொருளின் வழியிலேயே பொறியியல், பொறியாளர் என்னும் இக்காலச் சொற்கள் பிறந்தன. மேலைநாட்டு வரலாறும் இதற்கு ஒத்தே செல்கிறது. ‘எஞ்சினியர்’ என்பாரும் தொடக்கத்தில் போர்க்கருவி அமைப்போராகவே இருந்தனர். பாலமும் சாலையும் அமைப்போரைப் பிரித்துக் காட்டவே பின்னாளில் ‘குடிமைசார்’ பொறியாளர் என்னும் பெயர் எழுந்தது. ‘எஞ்சின்’ என்பதன் இலத்தீன் மூலம் இயற்கையான அறிவுத்திறனைக் குறிப்பது. ஆகவே அச்சொல் முதலில் குறித்தது இரும்பையன்று, மதிநுட்பத்தை.

‘தொழில்நுட்பம்’ என்னும் தொடரை எண்ணிப் பார்ப்போம். தொழில் முன்நிற்கிறது; நுட்பம் பின்வருகிறது. நுட்பம் என்பது நுண்மையிலிருந்து வந்தது. தொழிலைச் செய்வோரிடம் உள்ள நுண்ணறிவே தொழில்நுட்பம் என்று நம் மொழி கூறுகிறது. இலங்கைத் தமிழர் ‘தொழினுட்பம்’ எனப் புணர்த்து எழுதுவர். வடிவம் வேறாயினும் கருத்து ஒன்றே.

தமிழரின் பழைய நீர்ப்பாசனச் சொற்களும் இங்கு நினைக்கத்தக்கவை. மடை, மதகு, தூம்பு, கலிங்கு, ஏற்றம், கமலை என்பன ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலைக்குரிய அமைப்பின் பெயர்கள். ஏரியிலிருந்து வேண்டிய அளவு நீரை விடுவது மதகு. நிறைந்து மிகுந்த நீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலிங்கு. இவ்விரண்டையும் தனிப்பெயரிட்டு வேறுபடுத்திய சமுதாயத்திற்குப் பொறியியற் சிந்தனை அயலாக இருந்திருக்க இயலாது. எனினும் அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்த கொல்லரிடமிருந்து இளையவருக்கும் சென்றதேயன்றித் திண்ணைப் பள்ளிக்குள் வரவில்லை. ஏடு ஒருபுறமும் உளி ஒருபுறமும் நின்றன. இப்பிளவு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. உலகின் பெரும்பகுதியிலும் அவ்வாறே இருந்தது.

2. உளி வகுப்பறைக்குள் வந்தது

பொதுக் கல்வியில் கைவேலையை ஒரு பாடமாக ஆக்கிய முன்னோடி நாடு பின்லாந்து. அந்நாட்டின் தொடக்கக் கல்வியை வகுத்த ஊனோ சிக்னேயஸ் என்பாரின் முயற்சியால், 1866ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் கைவினைக்கு இடமளித்தது. தச்சராக்குவதற்காகத் தச்சு கற்பிப்பதை அவர் வேண்டவில்லை. கையும் கண்ணும் அறிவும் ஒருங்கே வளர்வதற்காகவே அதனை வேண்டினார். சுவீடனில் ஓட்டோ சாலமன் என்பார் நேஸ் என்னும் ஊரில் 1870களில் ஆசிரியர் பயிற்சிக்கூடம் அமைத்து இம்முறையைப் பரப்பினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்குச் சென்று பயின்றனர்.

இரசியாவில் வேறொரு வழி பிறந்தது. மாஸ்கோவின் தொழிற்கல்லூரியில் விக்டர் தெல்லா-வோஸ் என்பார், ஒரு தொழிலைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் பயிற்சி வரிசையை 1868 அளவில் அமைத்தார். அறுத்தல், இழைத்தல், இணைத்தல் என ஒவ்வொன்றும் தனிப்பாடமாயிற்று. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக் கண்காட்சியில் இவ்வரிசை காட்டப்பட்டபோது அந்நாட்டுக் கல்வியாளர்கள் வியந்தனர். 1880இல் செயின்ட் லூயி நகரில் கைப்பயிற்சிப் பள்ளி ஒன்று கால்வின் உட்வார்டு என்பாரின் தலைமையில் திறக்கப்பட்டது.

இவ்விரு வழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். பின்லாந்து வழியில் குழந்தை பயன்படும் பொருள் ஒன்றை முழுமையாகச் செய்து முடிக்கும். இரசிய வழியில் குழந்தை ஒரு செயலைத் திருத்தமாகச் செய்யப் பழகும். பொருள் உருவாக வேண்டும் என்பதில்லை. ‘முதலில் திறனா, முதலில் பொருளா’ என்னும் இவ்வினா இன்றும் ஒவ்வொரு பட்டறை ஆசிரியர் முன்னும் நிற்கிறது.

இந்தியாவில் 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி மூன்றாம் வழி. ஏழு முதல் பதினான்கு அகவை வரை, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதும், அக்கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும் என்பதும் அதன் இரு தூண்கள். தொழிலையும் தாய்மொழியையும் அத்திட்டம் சேர்த்தே கூறியது நம் ஆய்வுக்கு முதன்மையானது. நூல் நூற்கும் குழந்தை நூலின் நீளத்தை அளக்கும்போது கணக்கும், பஞ்சின் வரலாற்றைக் கேட்கும்போது நிலநூலும் வரும். ஆனால் அவ்வுரையாடல் வீட்டுமொழியில் நிகழ்ந்தால்தான் கைக்கும் அறிவுக்கும் இடையில் பாலம் அமையும் என்பது அதன் கருத்து.

1990இல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தைக் கட்டாயமாக்கியது. இதன்பின் ஆசிரியர் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துச் செய்யும் நிலை மாறி, சிக்கலைக் கண்டறிதல், பல தீர்வுகளை வரைதல், ஒன்றைத் தேர்தல், செய்தல், சோதித்தல், திருத்துதல் என்னும் சுழற்சி முன்னிலை பெற்றது. இங்குதான் சொல்லின் பங்கு பன்மடங்காகிறது. வரைபடத்தைப் பார்த்துப் பலகையை அறுக்க அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. ‘இவ்வடிவத்தை ஏன் தேர்ந்தாய்?’ என்னும் வினாவுக்கு விடைகூறச் சொற்கள் வேண்டும்.

3. ஜொகூர் மண்ணில் தண்டவாளமும் தோட்டமும்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். ஜொகூரின் தொழில்நுட்ப வரலாறு பாடநூலில் சேர்க்கத்தக்க ஒரு தோல்வியோடு தொடங்குகிறது. 1869ஆம் ஆண்டளவில், மன்னர் அபு பக்கார் ஆட்சியில், ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் நோக்கி ஓர் இரயில்பாதை தொடங்கப்பட்டது. இரும்புத் தண்டவாளத்திற்கு மாறாக மரத் தண்டவாளம் இடப்பட்டது. நம் காடுகளில் மரத்திற்குக் குறைவில்லை. செலவும் குறையும் என்பது கணக்கு. ஆனால் அம்மரத்தைக் கறையான் அரித்தது. நிதியும் போதவில்லை. அத்திட்டம் நிறைவேறாமல் கைவிடப்பட்டது. பொருளைத் தேர்ந்தெடுப்பது அது நிற்கப்போகும் மண்ணையும் காற்றையும் உயிர்களையும் பொறுத்தது என்னும் பொறியியற் பாடத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியதில்லை.

பின்னர் 1909இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இரயில்பாதை நிறைவுற்றது. 1924இல் ஜொகூர் நீரிணையின் குறுக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கற்பாலம் திறக்கப்பட்டது. மலாயாவின் பாதைகளையும் தண்டவாளங்களையும் அமைத்த உழைப்பாளருள் தமிழர் பெருந்தொகையினர். ஆயினும் அவர்கள் ‘கூலி’ என்றே பதிவேடுகளில் எழுதப்பட்டனர். செய்தவர்க்கு உழைப்பு மட்டும் உரியதாயிற்று. நுட்பம் வேறொருவர் பெயரில் எழுதப்பட்டது.

இரப்பர் தோட்டத்திலும் இதுவே நிலை. பால்மரம் சீவும் ஒருவரின் காலைப்பொழுதைப் பொறியியற் கண்கொண்டு நோக்குவோம். மரப்பட்டையில் ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் வெட்டு ஓடுகிறது. சாய்வு குறைந்தால் பால் வெட்டைவிட்டு வழிந்து வீணாகும். மிகுந்தால் பட்டை வீணாகும். உளி ஒருமுறை எடுக்கும் பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. சற்று ஆழ்ந்தால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுற்று மரம் முடிச்சிடும். இது சாய்தளமும் நுண்ணளவையும் ஒருங்கே அமைந்த தொழில். மங்கில் சேர்ந்த பால் வாளிக்கும், வாளியிலிருந்து தோட்டத்து ஆலைக்கும் செல்லும். அங்கு வடிகட்டி, நீர் கலந்து, பார்மிக் அமிலம் சேர்த்து உறையச் செய்து, உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்துவர். வேதியியலும் எந்திரவியலும் வெப்பவியலும் அவ்வாலையில் அன்றாடம் நிகழ்ந்தன.

வாளிகளைச் சுமந்த காண்டாக் கம்பையும் எண்ணுக. நூற்றைம்பது சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பின் ஒருமுனையில் பத்துக் கிலோவும் மறுமுனையில் ஐந்து கிலோவும் தொங்கினால், தோள் எங்கு அமைய வேண்டும்? கம்பின் எடையை விட்டுவிட்டால், கனமான முனையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் தொலைவில் அமைய வேண்டும். அப்போதுதான் பத்தை ஐம்பதால் பெருக்கிய தொகையும் ஐந்தை நூறால் பெருக்கிய தொகையும் சமமாகும். தோட்டத்துத் தாய்மார் இக்கணக்கை எழுதியதில்லை. ஆனால் அவர்தம் தோள் அதனை அறிந்திருந்தது. இவ்வறிவுக்குத் தமிழ்ச்சொல் இருந்தது: உளி, மங்கு, வெட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால் என ஒரு சிறு கலைச்சொல் அகராதியே தோட்ட வழக்கில் வாழ்ந்தது. ஆனால் அச்சொற்களை எந்தப் பாடநூலும் ஏற்கவில்லை.

தோட்டப் பள்ளிகளின் நோக்கமும் குறுகியதாகவே இருந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டிலும் 1923ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தன. ஜொகூர் அக்கூட்டரசில் சேராத மாநிலமாயினும், தோட்டங்கள் பெருகிய இடமெல்லாம் இங்கும் பள்ளிகள் எழுந்தன. எழுத்தும் கணக்கும் ஓரளவு வந்தால் போதும் என்பதே அன்றைய நிருவாகத்தின் எண்ணம். பள்ளியிலிருந்து சில நூறு அடி தொலைவிலேயே ஆலை இயங்கிற்று; எனினும் ஆலையின் இயக்கம் பள்ளிக்குள் பாடமாக வரவில்லை. ஏட்டுக்கும் உளிக்கும் இடையிலிருந்த பழைய பிளவு, கடல் கடந்தும் தொடர்ந்தது.

4. மலேசியக் கல்வித்திட்டத்தில் தொழில்நுட்பம்

நாட்டில் முறையான தொழில்நுட்பக் கல்வியின் தொடக்கம் 1904இல் கோலாலம்பூரில் அமைந்த டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி. அது 1946இல் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும், 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் 1980களில் நம் ஸ்கூடாய்க்கு வந்தது. பத்து பகாட் வட்டாரத்துப் பாரிட் ராஜாவில் 1993இல் பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமாகத் தொடங்கியது, 2007இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. தொழில்நுட்பத்தைக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய இரு பெருநிலையங்கள் ஜொகூரில் உள்ளன.

இடைநிலைப் பள்ளியின் கீழ்நிலை வகுப்புகளுக்குத் தொழில்நுட்பம் வந்தது 1965இல். 1960ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கையின் விளைவாக, ஆறாம் வகுப்போடு மாணவரைச் சலித்து நிறுத்திய தேர்வு நீங்கி, அனைவர்க்கும் ஒன்பதாண்டுக் கல்வி கிடைத்தது. எல்லாக் குழந்தைகளும் படிவம் ஒன்றுக்குள் வந்தபோது, எல்லாரும் ஏட்டுக்கல்வியிலேயே செல்ல மாட்டார்கள் என்னும் உண்மையும் உடன்வந்தது. ஆகவே தொழிற்கலை, மனையியல், வேளாண்மை, வாணிகம் என்னும் தேர்வுப் பாடங்கள் அமைந்தன. மரமும் உலோகமும் மின்கம்பியும் பள்ளிப் பட்டறைக்கு வந்தன. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எத்தனையோ மாணவர்கள் வாள், இழைப்புளி, பற்றவைப்பான் ஆகியவற்றை முறையாகக் கையிலெடுத்தது அங்கேதான்.

1980களின் இறுதியில் வந்த புதிய கலைத்திட்டம் இப்பாடங்களை ஒன்றாக்கி ‘வாழ்வியல் திறன்’ என்னும் பாடத்தை அமைத்தது. 2011இல் தொடக்கப்பள்ளித் தர அடிப்படைக் கலைத்திட்டம் தொடங்கி, 2014இல் நான்காம் ஆண்டை எட்டியபோது ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ தமிழ்ப்பள்ளிக்குள் தமிழிலேயே வந்தது. 2017இல் இடைநிலைப்பள்ளியின் முதற் படிவத்திலும் அப்பாடம் இடம்பெற்றது. எந்திர வடிவமைப்பு, மின் வடிவமைப்பு, மின்னணு வடிவமைப்பு, உணவு வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு என அதன் எல்லை விரிந்துள்ளது. சுருங்கக் கூறின், தோட்டப் பள்ளிக்கு வெளியே நின்ற ஆலை, ஒரு நூற்றாண்டுக்குப்பின் வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

5. தமிழில் அறிவியற் சொல்லாக்கம்

இப்பாடத்தைத் தமிழில் கற்பிக்க இயன்றது தற்செயலன்று. அதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு உழைப்பு உள்ளது. யாழ்ப்பாணத்திற்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களும் உருவாக்கினார். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொல்லுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. பெ. நா. அப்புசாமி எளிய தமிழில் அறிவியற் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். 1954 முதல் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியமும், அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துப் பத்துத் தொகுதிகளாக வந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் பயிலும் வாய்ப்பைத் தந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்து உருவாக்கிய முரசு மென்பொருள், கணினியில் தமிழ் எழுதுவதையே ஒரு பொறியியற் செயலாக்கிக் காட்டியது.

இவ்வரலாற்றில் சொல்லாக்கம் மூன்று வழிகளில் நடந்தது. வழக்கிலிருந்த சொல்லை எடுத்தாள்வது முதல் வழி: கப்பி, ஆப்பு, திருகு, இருசு. வேரிலிருந்து புதிதாக ஆக்குவது இரண்டாம் வழி: நெம்புகோல், சாய்தளம், பற்சக்கரம், மின்சுற்று. பிறமொழிச் சொல்லை ஏற்பது மூன்றாம் வழி: மீட்டர், வோல்ட்டு, டையோடு. இம்மூன்றில் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் நாம் கருதவில்லை. குழந்தைக்குப் பொருளை விளக்கும் சொல் நற்சொல். ‘நெம்பு’ என்னும் வினையை அறிந்த குழந்தைக்கு நெம்புகோலின் பயன் பாதி விளங்கிவிடுகிறது. ஆனால் ‘நெம்புதல்’ வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டால், நெம்புகோலும் மனப்பாடம் செய்யும் அயற்சொல்லாகிவிடும். தமிழ்க் கலைச்சொல் தானாகவே எளிதாகிவிடுவதில்லை. வேரைக் காட்டும் ஆசிரியர் இருந்தால்தான் அது எளிதாகும்.

6. ஆறாம் ஆண்டுக்கும் முதற் படிவத்துக்கும் இடையில்

நம் ஆய்வின் நடுப்பகுதி இது. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி தொடக்கநிலையோடு முடிகிறது. 1960களில் தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற மாணவர் பெரும்பாலும் ஆங்கிலமொழி இடைநிலைப்பள்ளியைச் சந்தித்தனர். 1970 முதல் படிப்படியாகப் பயிற்றுமொழி மாறி, 1980களின் தொடக்கத்திற்குள் இடைநிலைக் கல்வி மலாய்மொழிக்கு வந்தது. 2003 முதல் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் தேர்ந்த பள்ளிகளில் நடைபெறுகிறது. ஒரே குடும்பத்தில் தந்தை ஒருமொழியிலும், மூத்த மகள் மற்றொரு மொழியிலும், இளைய மகன் மூன்றாம் மொழியிலும் நெம்புகோலைக் கற்றிருக்கலாம். இக்கொள்கைகளின் நன்மை தீமைகளைத் தீர்ப்பிடுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவற்றின் மொழியியல் விளைவு ஒன்றை மட்டும் சுட்டுவோம்: தமிழில் அறிவியல் பேசும் பழக்கம் தலைமுறைக்குத் தலைமுறை அறுபட்டது, வீட்டில் மூத்தவர் இளையவர்க்குச் சொல்லித்தரும் சொல் ஒன்றாக இல்லாமற்போயிற்று.

பன்னிரண்டு அகவையில் ஒரு மாணவி தமிழ்ப்பள்ளியில் நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு எனப் பயின்றிருக்கிறாள். சில வாரங்களில் அவள் முன் ‘துவாஸ்’, ‘தாக்கால்’, ‘சாத்தா சோண்டோங்’, ‘பாஜி’ என்னும் சொற்கள் நிற்கின்றன. கருத்து அவளிடம் உள்ளது, சொல் இல்லை. ஆசிரியர் கேட்கும்போது அவள் வாய்திறவாள். அம்மௌனம் அறியாமை எனக் கொள்ளப்படுகிறது. ‘தொழில்நுட்பம் எனக்கு வராது’ என்னும் முடிவுக்கு அவளே வந்துவிடுவதும் உண்டு. பொருளை அறிந்தும் பெயரை அறியாமையால் ஒருவர் ஒரு துறையையே இழப்பாராயின், அவ்விழப்புக்கு மொழியாளர்களாகிய நாமும் விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.

இச்சிக்கலுக்குத் தமிழை விடுவது தீர்வாகாது. ஏனெனில் முதலில் கற்ற மொழியில் கருத்து ஊன்றியிருந்தால்தான் இரண்டாம் மொழியின் சொல் அதன்மேல் பற்றிக்கொள்ளும். மலாய்மொழியைத் தள்ளுவதும் தீர்வாகாது. அது நம் நாட்டின் மொழி, நம் குழந்தைகளின் கல்வி மொழி. இரு மொழிகளும் ஒன்றையொன்று விளக்கும் வகையில் கற்பிப்பதே வழி.

மலாய்மொழியும் தமிழைப் போலவே தன் தொழில்நுட்பச் சொற்களைத் தானே ஆக்கிக்கொண்ட மொழி. அப்பணியைச் செய்த டேவான் பகாசா டான் புஸ்தாகா, 1956இல் ஜொகூர் பாருவிலேயே ‘பாலாய் புஸ்தாகா’ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. அங்குத் தொடங்கிய மரபில் வந்த ‘பெரிந்தாங்’ என்னும் சொல்லைக் காண்க. ‘ரிந்தாங்’ என்றால் தடுத்தல். ‘பெ’ என்னும் முன்னொட்டு சேர்ந்து தடுப்பதைக் குறிக்கிறது. தமிழில் நாம் ‘மின்தடை’ என்கிறோம். இரு மொழியும் ஒரே கருத்தில், ஒரே வினையின் மேல் அச்சொல்லை எழுப்பியுள்ளன. இதனை ஆசிரியர் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக்காட்டினால், மாணவர் இரு சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; ஒரு கருத்துக்கு இரு வாயில்களைக் காண்பார். மேலும், ‘காப்பால்’ என்னும் மலாய்ச்சொல் நம் கப்பல். ‘பெத்தி’ நம் பெட்டி. ‘கெடாய்’ நம் கடை. இரு மொழிகளும் பொருளோடு பெயரையும் பரிமாறிக்கொண்ட பழைய அண்டைவீட்டார் என்பதற்கு இவை சான்று.

7. செய்யத்தக்கவை

வரலாறு படிப்பினையின்றி முடியலாகாது. ஆசிரியர்கள் எளிதில் செய்யக்கூடிய மூன்றனை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, மும்மொழிச் சொற்சுவடி. ஆறாம் ஆண்டின் இறுதிப் பருவத்தில், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், அறிவியல் ஆகிய இரு பாடங்களிலிருந்து நூறு சொற்களைத் தேர்ந்து, தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று பத்திகளில் மாணவர் தாமே எழுத வேண்டும். நான்காம் பத்தியில் சொல் அன்று, ஒரு சிறு படம் வரைய வேண்டும். அகராதியை வாங்கிக் கொடுப்பது வேறு. தானே தொகுப்பது வேறு. புகுமுக வகுப்பிலும் முதற் படிவத்திலும் அச்சுவடி கைவிளக்காகும்.

இரண்டாவது, செய்தபின் சொல்லுதல். ஒரு மாதிரி வண்டியோ மின்சுற்றோ செய்து முடித்ததும், மாணவர் அதனை ஐந்து நிமிடம் விளக்க வேண்டும்: எது சரியாக இயங்கவில்லை, ஏன், எதை மாற்றினேன் என்று. முதலில் தமிழில், பின்பு அதையே மலாயில். செய்தது கையின் வேலையென்றால் விளக்குவது அறிவின் வேலை. ஒட்டுப்போட்ட மாதிரியைவிட, அது ஏன் உடைந்தது என்று திருத்தமாகக் கூறும் வாக்கியம் உயர்ந்த பொறியியற் பயிற்சி.

மூன்றாவது, வீட்டின் அறிவைப் பள்ளிக்குக் கொணர்தல். நம் மாநிலத்தில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அப்பிள்ளைகளின் பாட்டன் பாட்டியர் பலர் தோட்டத்தையும் ஆலையையும் அறிந்தவர்கள். பெற்றோர் பலர் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் பணிபுரிவோர். அவர்கள் கையாண்ட கருவி ஒன்றின் பெயர், பயன், இயங்கும் முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கலாம். அச்சொல் அகராதியில் இல்லாவிடினும் எழுத வேண்டும். மலாயிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ திரிந்து வந்ததாயினும் எழுத வேண்டும். அவ்வாறு திரட்டிய சொற்கள், நாளைய கலைச்சொல் அறிஞர்க்கு மூலப்பொருளாகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். கறையான் அரித்த மரத் தண்டவாளத்தைக் கண்டு ஜொகூர் இரயிலைக் கைவிட்டுவிடவில்லை. நாற்பதாண்டுகள் கழித்து இரும்பில் அமைத்தது. முதல் முயற்சி பிழைப்பது பொறியியலில் இழிவன்று. பிழைத்த காரணத்தைக் கூறத் தெரியாமையே குறை. அக்காரணத்தைக் கூறச் சொற்கள் வேண்டும். உங்களிடம் மூன்று மொழிகளின் சொற்கள் உள்ளன. மூன்றையும் பயன்படுத்துங்கள்.

ஏடும் உளியும் பிரிந்திருந்த காலம் நெடிது. அவற்றை ஒரு மேசைமேல் வைக்கும் வாய்ப்பு இத்தலைமுறை ஆசிரியர்க்குக் கிடைத்துள்ளது. அவ்வாய்ப்பில் தமிழ்ச்சொல்லுக்கும் ஓர் இருக்கை இடுவது நம் அனைவரின் பொறுப்பு.